ஒரு கெட்டில் தண்ணீர்

கதவைத் திறந்ததும் லொரெய்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் பக்கத்து வீட்டு நைஜல். இரவு உடைக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, உறைபனியில் மூக்கு சிவக்க நின்றான். பதினான்கு மாதமாக இந்தப் படியை மிதிக்காதவன்.

"டெரெக் இருக்காரா?"

இருக்காராம்! இப்போதுதான் மரியாதை முளைத்திருக்கிறது.

"வேலைக்குப் போயிருக்கார். சூப்பர் மார்க்கெட்ல பட்டாணி டின் அடுக்குறார்," என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

நைஜல் செருப்பைப் பார்த்தான். பார்க்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் வைத்த வறுத்த இறைச்சியை அப்படியே ஆறவிட்டு ஓடிப்போய், இவன் வீட்டைச் சூடாக்கும் பாய்லரைச் சும்மாவே சரிசெய்து கொடுத்தான் அவள் கணவன். மறுவாரம் அதில் ஏதோ சத்தம் வந்ததாம். சுவருக்கு இந்தப் பக்கம் வந்து சொல்ல வாயில்லை. டெரெக் வேலைபார்த்த பாய்லர் கம்பெனிக்குப் புகார் எழுதினான். கம்பெனிக்குத் தெரியாமல் வெளிவேலை செய்ததாக டெரெக்கின் இருபத்திரண்டு வருட வேலை ஒரே கடிதத்தில் போயிற்று. பாவி.

"பாய்லர் நின்னுபோச்சு, லொரெய்ன். திரையில ஈ-ஏழுன்னு பிழை காட்டுது. உள்ள குடுகுடுங்குது. ஆள் வர செவ்வாய் ஆகுமாம். இன்னிக்கு சனி. வீட்ல மாமியார் வேற வந்திருக்கா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையிலிருந்தே டெரெக் எத்தனை பேருக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பான்! கேஸ் வாடை வந்தால் எதையும் தொடாதே, வெளியே போய் ஆளைக் கூப்பிடு. ஈ-ஏழும் குடுகுடுவும் சேர்ந்து வந்தால் பாய்லரின் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கிறது. ஆள் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கை பொறுக்கிற சூடு. கொதிநீர் பட்டால் குழாய் பிளந்துவிடும்.

"பின்சுவர்ல ஒரு வெள்ளைக் குழாய் இறங்குதில்ல? அது உறைஞ்சிருக்கும். ஒரு கெட்டில் தண்ணி ஊத்து."

"அவ்வளவுதானா? நீ நல்லா இருக்கணும் லொரெய்ன்!"

கை பொறுக்கிற சூடு. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே! இந்த ஊரில் கெட்டில் என்றால் தளதளவென்று கொதித்துத் தானாக அணையவேண்டும். அதற்கு முன்னால் எடுக்கிறவனை அவள் கண்டதில்லை.

சமையலறை ஜன்னலோரம் போய் நின்றாள். வேலிக்கு அந்தப்புறம் நைஜல் கெட்டிலோடு வந்தான். ஆவி அவன் முகத்தையே மறைத்தது. ஊற்றினான். படீர் என்றது. வெறும் கெட்டிலைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். லொரெய்னுக்கு நெஞ்சு குளிர்ந்தது. செவ்வாய்வரை நடுங்கட்டும்.

மதியம் டெரெக் வந்தான். கை கழுவும்போதே ஜன்னல் வழியாகப் பிளந்த குழாயைப் பார்த்துவிட்டான்.

"அடக் கடவுளே, கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருக்கானே! எந்த அறிவுகெட்டவன் சொல்லிக் கொடுத்தான் இவனுக்கு?"

அவள் கையை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"பாவம், அந்தக் கிழவி வேற இருக்கா. நம்ம ஷெட்ல குழாய்த்துண்டு கிடக்கு, பத்து நிமிஷ வேலை. சாவி எங்க கண்ணு?"

சட்டைக் கை மடித்தாகிவிட்டது. இத்தனை மாதத்தில் அவன் முகத்தில் இந்தச் சுறுசுறுப்பை அவள் பார்க்கவில்லை.

"சாவி எங்கன்னு கேட்டேன்."

ஏப்ரன் பைக்குள் அவள் விரல்கள் சாவியை இறுக்கின. இரும்பு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்திருந்தது.