பத்து மணிவரை வெள்ளைக் கூரை

நோலீன் புறங்கையை நாக்கால் நனைத்து, கூடத்துச் சுவரின் அடிப்பலகையை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். ஓரிடத்தில் காற்று பட்டுக் கை சில்லென்றது. அங்கே சாக்பீஸால் ஒரு குறி போட்டாள். காலையிலிருந்து அது இருபத்தேழாவது குறி. எண்பது வருடத்துப் பலகை வீடு. ஆஸ்திரேலியாவின் தெற்கு மலைக்குளிரில் கிடக்கும் பொம்பாலாவில் வீசுகிற காற்றெல்லாம் உள்ளே ஒரு எட்டு வந்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும் போலிருக்கிறது. அறுபத்தாறு வயதில் மண்டியிட்டபடியே வீட்டைச் சுற்றிவருவது லேசான காரியமில்லை. ஆனால் அவள் கங்கணம் கட்டிக்கொண்டுதான் இறங்கியிருந்தாள்.

சமையலறையில் அவள் புருஷன் கிளாரி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, மூன்று ஸ்வெட்டருக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வருடம் ஆட்டுரோமம் கத்தரித்தவன். ஏப்ரல் கடைசியில் வரும் அன்சாக் தினத்துக்கு முன்னால் கணப்பு மூட்டுவது அந்தத் தெருவில் ஆண்பிள்ளைக்கு அழகில்லை. குளிர்கிறதா, இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்பார்கள். அந்த வீம்பில் கிளாரியை மிஞ்ச ஆளில்லை. எதிர்வீட்டு பேசில் ஒருமுறை ஒரே ஒரு நாள் முந்தி நெருப்பு மூட்டிவிட்டதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருடம் அவனை மட்டம் தட்டினான். இப்போது நுரையீரல் கிளாரியைப் பழிவாங்கிவிட்டது. மே மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே விறகுப் புகை கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு மின்சார ஹீட்டர்கள் ராப்பகலாக ஓடின. மின்கட்டணம் பென்ஷனில் பாதியை விழுங்கியது. அப்படியும் அறை பதின்மூன்று டிகிரியைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் மரிசெல் ஒரு சின்ன வெப்பமானியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். மூன்று வாரம் கழித்து வருவதாகவும், அதற்கு முந்தின வாரம் முழுக்க அறை எவ்வளவு குளிர்ந்தது என்பதை அந்தக் கருவியே காட்டிக்கொடுத்துவிடும் என்றும் சொன்னாள். பதினெட்டுக்குக் கீழே போயிருந்தால் பக்கத்துப் பெரிய ஊரான கூமாவில் உள்ள முதியோர் இல்லத்தில் இடம் கேட்க வேண்டியதுதான். "குளிர்காலம் முடியறவரைக்கும் தாம்மா" என்றாள். நல்ல பெண், மனசார ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட வசந்தத்தில் திரும்பி வந்ததை நோலீன் பார்த்ததில்லை. மறுநாள் கிளாரி தன் கத்தரிப்பு இயந்திரத்தின் சீப்புகளை எல்லாம் எடுத்துத் துடைத்து ஒரு டப்பாவில் அடுக்கினான். ஊரைவிட்டுப் போகிறவன் சாமான் கட்டுவதுபோல இருந்தது அது.

கல்யாணத்துக்கு முன்னால் அவளும் கத்தரிப்புக் கொட்டகையில் ரோமம் தரம் பிரித்தவள்தான். பக்கச் சுவர் இல்லாத அந்தக் கொட்டகையில், ஜூலை மாதக் கடுங்குளிரில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோமக் குவியலுக்குள் கண்ணயர்ந்து வியர்த்துக்கொண்டு எழுந்த ஞாபகம் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் போய்க் கேட்டாள். வயிற்றுப்பகுதி ரோமம், கறைபட்டது, லாரி வாடகைக்குக்கூடத் தேறாதது, ஒரு மூலையில் மலையாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும் என்றான் பண்ணைக்காரன்.

ஒன்பது நாள் குளியல் தொட்டியில் அலசினாள். பூச்சி அரிக்காமலிருக்க போராக்ஸ் உப்புக் கரைசலில் முக்கிக் காயவைத்தாள். வீடு முழுக்க ஆட்டு வாடை. சாக்பீஸ் குறி போட்ட ஒவ்வொரு சந்திலும் ரோமத்தைத் திரித்து, மழுங்கிய கத்தியால் குத்தி அடைத்தாள். உபயோகமில்லாத புகைபோக்கிக்குள் ஒரு மூட்டையைத் திணித்தாள். மிச்சம் முழுவதும் கூரைக்கடியில் பரப்ப. அதற்கு ஏணி ஏற வேண்டும். கிளாரி ஒரு கையால் ஏணியையும் மறு கையால் ஆக்சிஜன் குழாயையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆட்டு மேலருந்து எடுக்கத்தான் எனக்குத் தெரியும். எடுத்தத வீட்டுக்குப் போத்திவிடறவள இப்பத்தான் பாக்குறேன்."

"வாய மூடிக்கிட்டு ஏணியப் புடி. இருக்குற காத்த வீணாக்காத."

மேலே விட்டத்தின்மேல் குப்புறப் படுத்து, மின்கம்பி ஓடும் இடங்களை விட்டு விலக்கி, ஒரு முழ உயரத்துக்கு ரோமத்தை உதறிப் பரப்பினாள். மூன்றாம் நாள் மதியம் இடுப்பு பிடித்துக்கொண்டது. நகர முடியாமல் கிடந்தபோது பயம் வந்தது. இத்தனையும் வீணாகி, அவனை வண்டியில் ஏற்றிவிட்டு இந்த ஓட்டை வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வருவதை நினைத்தாள். அழுகை வந்தது. கீழே அவன் இருமிக்கொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.

மரிசெல் வர வேண்டிய அன்று காலை, அந்த வாரத்தின் முதல் உறைபனி, வெளியே மைனஸ் ஏழு. ஒன்பது மணிக்கு யாரோ கதவை உடைப்பதுபோலத் தட்டினார்கள். பேசில். பைஜாமாவுக்கு மேலே கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ், முகத்தில் ரத்தமில்லை. அந்தத் தெருவில் கணப்பு எரிகிற வீடுகளின் தகரக் கூரையில் உறைபனி, உள்ளிருந்து மேலே கசியும் சூட்டில், எட்டு மணிக்கே உருகி வடிந்துவிடும். ஆளில்லாத வீட்டுக் கூரைதான் வெகுநேரம் வெள்ளையாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் மூலைவீட்டு ஹோரஸ் இறந்துகிடந்ததைக் கூரையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

பேசில் சமையலறை வாசலில் நின்றுவிட்டான். உள்ளே கிளாரி ஒற்றைச் சட்டையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"கூரை பூரா வெள்ளையா இருக்குடா," என்றான் பேசில். குரல் உடைந்திருந்தது. "நான் என்னமோன்னு..."

"சாவு பாக்க வந்தவன் ஒரு பூவாவது கொண்டாந்தியா?" என்றான் கிளாரி.

பேசில் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றினான். பிறகு குல்லாவை. கணப்பைப் பார்த்தான், அணைந்திருந்தது. மூலையில் ஒரே ஒரு சின்ன ஹீட்டர், அதுவும் பாதியில். ஒரு டன் விறகு எரித்தாயிற்று, இன்னும் தன் வீட்டுக்குள் மூச்சு விட்டால் ஆவி பறக்கிறது என்று புலம்பினான். அப்போதுதான் மரிசெல் உள்ளே வந்தாள். நேராகச் சுவருக்குப் போய்க் கருவியின் பொத்தானை அழுத்தினாள். நோலீன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மரிசெல் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். பதினெட்டு புள்ளி நான்கு. வாரத்திலேயே குறைந்தது அதுதான். அவள் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் எங்கயும் போக வேணாம்மா. இங்கயே இருக்கட்டும்."

நோலீனுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னாள்.

பேசில் தொண்டையைச் செருமினான். "நோலீன், அந்தப் பண்ணையில ரோமம் இன்னும் கொஞ்சம் கெடக்குமா?"

"குளுருதாடா பேசில்?" என்றான் கிளாரி. "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்க."

அதற்குப் பிறகு அவனே கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் தூக்கும் சிறிய ஆக்சிஜன் உருளையோடு வெளியே கிளம்பினான். கூரையைப் பார்க்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் வாசற்கதவுவரை அவன் நடந்ததில்லை. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். யாரும் கைகொடுக்க அவன் விடவில்லை. தெருவில் எல்லாக் கூரைகளும் சொட்டிக்கொண்டிருந்தன, தகரத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மணி பத்தாகப் போகிறது. கிளாரி தலையைத் தூக்கித் தன் வீட்டைப் பார்த்தபடி நின்றான். கூரை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடந்தது, ஒரு சொட்டுக்கூட விழவில்லை.