அஞ்சு மணி அக்கா வந்த வியாழக்கிழமை

காது கேட்கிறதா என்று சோதிப்பவரிடமே வந்து பொய் சொல்கிறவர்கள் உண்டு. ஏராளமாக உண்டு. தடித்த கதவு போட்ட சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க" என்று சொன்னால், பாதிப் பேர் சத்தமே வராதபோதும் அழுத்துவார்கள். கெட்டவர்கள் இல்லை. பரீட்சை என்று எவன் சொன்னாலும் பாஸாகிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே மிரட்டி வளர்க்கப்பட்டவர்கள்.

அப்படிச் சோதிக்கிற ஒருவருக்கு, அவர் போகும் கிறிஸ்தவ சபையில் காதுக்காரர் என்று பெயர். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே வேலை. சந்தேகம் வந்தால் ஒரு சத்தமும் அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார். உள்ளே விரல் அமுங்கும். வெளியே மேசையில் குட்டி விளக்கு எரியும். இன்னொரு முறை எரியும். முகத்தில் என்ன ஒரு கவனம்! என்ன ஒரு பக்தி! மத்தியானம் சாப்பிடும்போது வரவேற்பு மேசைப் பெண்ணிடம் அதை அப்படியே நடித்துக் காட்டுவார். அவள் சிரித்துப் புரையேறித் தண்ணீர் தேடுவாள்.

இவ்வளவு கெட்டிக்காரர் தன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அங்கே சபையில் கொடுத்த அட்டவணை ஒன்று தொங்கியது. ஒரே வருஷத்தில் வேதம் முழுவதும். முந்நூற்று அறுபத்தைந்து கட்டங்கள். வாசித்த நாளுக்கு ஒரு டிக். ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் அவர் ஓட்டமும் நடையுமாகத் தாண்டிவிட்டார். லேவியராகமத்தில், பலி ஆட்டின் கொழுப்பை எங்கே வைத்து எரிப்பது என்ற இடத்தில், வருஷா வருஷம் படுப்பதுபோல இந்த வருஷமும் படுத்தார். மொத்தம் வாசித்தது முப்பத்துமூன்று நாள். ஆனால் டிக் மட்டும் ஜூன் மாதம்வரை வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாக ஏழு போடுவார். ஒரே நாளில் போட்டது தெரிந்துவிடக் கூடாதே என்று நீலம், கறுப்பு, கொஞ்சம் மங்கலான நீலம் என்று மாற்றி மாற்றிப் போடுவார்.

"ஒரு அட்டைக்கு எதுக்குங்க மூணு பேனா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"மை தீர்ந்துபோச்சு."

"மூணுலயுமா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மனைவியைச் சமாளித்துவிடலாம். மகள்தான் பிரச்சினை. பதிமூன்று வயது. அவளுக்கும் ஓர் அட்டவணை உண்டு. அது மார்ச் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் காலிக் கட்டங்கள், சுத்தமாக, வெட்கமில்லாமல். "அப்பா, உங்களால மட்டும் எப்படிப்பா முடியுது?" என்று ஒருநாள் நிஜமாகவே கேட்டாள். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இவர் சொற்பொழிவு ஆற்றினார். ஒழுங்கு வேண்டும், மனசு வைக்க வேண்டும், சோம்பேறித்தனம் பிசாசின் தலையணை என்று இருபது நிமிஷம். பேச்சு முடிந்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

வினை அதோடு நிற்கவில்லை. சபையில் யார் ஒழுங்காக வாசிக்கிறார்கள் என்று அஞ்சு மணி அக்கா விசாரித்தபோது, மகள் பெருமையாகக் கையைத் தூக்கி, "எங்கப்பா ஒரு நாள்கூட விடலை" என்று சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுக்காரர் எல்லோர் முன்னும் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். தலைப்பு: தினமும் வேதம் வாசிப்பது எப்படி. "நான் முதல் வரிசையில உக்காந்து எழுதிக்குவேன்ப்பா. திங்கக்கிழமையிலருந்து நானும் உங்க மாதிரியே" என்றாள் மகள்.

அஞ்சு மணி அக்கா யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சபையில் எந்தக் கூட்டமானாலும், அது கூரை ஒழுகுவதைப் பற்றிய கூட்டமாக இருந்தாலும், "காலையில அஞ்சு மணிக்கு வேதத்தைத் திறக்காம நான் தண்ணிகூடக் குடிச்சதில்லை" என்று ஒருமுறை சொல்லாமல் உட்காரமாட்டார். அதுவும் எந்தக் குரலில்! பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொன்னாலே கடைசி வரிசைக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அழும். "தலைமையாசிரியை திமிரு இன்னும் இறங்கலை" என்று சபை முழுக்கப் பேசிக்கொள்ளும். காது விஷயத்தில் பதினெட்டு வருஷ அனுபவமுள்ள நம்மாளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சு மணி அக்காவே கிளினிக்குக்கு வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லை தம்பி! இவதான் டிவி சத்தத்துக்குப் பயந்துபோய்க் கூட்டிட்டு வந்திருக்கா!" என்றார். வரவேற்பு மேசைப் பெண்ணின் பேனா கீழே விழுந்தது.

"டிவிக்கு இல்லைங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பயந்து" என்றாள் மருமகள் மெதுவாக.

"என்ன சொல்றா?"

"உங்களைப் பத்தி நல்லதா சொல்றாங்க அக்கா, உள்ள வாங்க" என்றார் காதுக்காரர்.

அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். முதல் சில சத்தங்களுக்கு ஒழுங்காக விளக்கு எரிந்தது. குறைக்கக் குறைக்கத் தடுமாறியது. பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, கடிகாரம் மாதிரி. காதுக்காரர் உள்ளுக்குள் சிரித்தபடி கையைக் கட்டிக்கொண்டார். ஒரு சத்தமும் அனுப்பவில்லை. விளக்கு எரிந்தது. எரிந்தது. எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல கச்சேரி கிடைத்துவிட்டது.

ஆறாவது தடவைக்குப் பிறகு விளக்கு எரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா பட்டனை மடியில் வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்தார். மேசை ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"தம்பி, நீங்க இப்ப ஒண்ணுமே அனுப்பலை. அப்படித்தானே?"

அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, உள்ளே நுழைந்து மறுபடி சாத்திவிட்டு, அக்காவின் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். உதடு தெரியும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அனுப்பலைக்கா."

"ரெண்டு வருஷமா இதேதான். பாஸ்டர் பிரசங்கம் பண்றாரு, எல்லாரும் தலையாட்டுறாங்க, நானும் ஆட்டுறேன். சிரிச்சா சிரிக்கிறேன். ஒரு வார்த்தை காதுல விழறதில்லை."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா கிழவின்னு ஓரமா உக்கார வச்சிருவாங்கல்ல?" கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது. இருபது வருஷமா அஞ்சு மணி, அஞ்சு மணின்னு சொல்லிட்டிருந்தேனே, அதெல்லாம் சும்மா. அஞ்சு மணிக்கு அலாரம் வைப்பேன். அணைச்சிட்டுத் தூங்குவேன்."

கிண்டல் பண்ண இதைவிட நல்ல சரக்கு ஒரு மனிதனுக்கு ஆயுளில் கிடைக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் காதுக்காரருக்குக் கிண்டல் வரவில்லை.

"காது போனப்புறம்தான் ஒருநாள் பயம் வந்துச்சு. சபையில ஒண்ணும் கேக்கலை, வீட்டுல ஒண்ணும் கேக்கலை. இனிமே எனக்கு யார் என்ன சொல்லப்போறாங்கன்னு. அன்னைக்கு அலாரம்கூடக் கேக்கலை, தானா முழிப்பு வந்துச்சு. எந்திரிச்சுத் திறந்தேன். அதிலருந்து தினமும். இந்த வருஷம் புது அட்டவணை அடிச்சதும் சரி, மறுபடி முதல்லருந்துன்னு ஆரம்பிச்சேன்."

"இப்ப எங்கக்கா இருக்கீங்க?"

அக்கா சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்தார். "முதல் நாள்."

"முதல் நாளா?"

"ஜனவரி ஒண்ணு. இன்னும் அதைத் தாண்டலை. அந்த முதல் மனுஷனும் மனுஷியும் தின்னக் கூடாத பழத்தைத் தின்னுட்டு மரங்களுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கறாங்கல்ல? ஆண்டவர் தோட்டத்துல நடந்து வர்றாரு. வந்து, நீ எங்க இருக்கேன்னு கேக்கறாரு. எல்லாத்தையும் படைச்சவரு தம்பி. எந்த மரத்துக்குப் பின்னாடின்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சே கேக்கறாரு. கேட்டுட்டு நிக்கறாரு. நான் இருபது வருஷமா சொன்ன பொய்க்கு அவர் என்னைத் தேடி வந்து நிக்கறாருன்னு தோணிப்போச்சு. பதில் சொல்லாம எப்படி அடுத்த பக்கத்தைத் திருப்பறது? தினமும் வந்து அங்கதான் உக்கார்றேன். அப்பா, என்ன ஒரு இடம் தெரியுமா அது!"

கடைசி வரியை ரகசியமாகத்தான் சொன்னார். அறைச் சுவர் பஞ்சு வைத்த சுவராக இருந்ததால் விஷயம் வெளியே போகாமல் தப்பித்தது.

மிச்சச் சோதனையை முடித்து, இரண்டு காதுக்கும் கருவி எழுதிக் கொடுத்து, வர பத்து நாள் ஆகும் என்று மருமகளிடம் சொல்லி அனுப்பிவைத்தார். மத்தியானம் வரவேற்பு மேசைப் பெண், "என்ன சார், இன்னைக்கு நாடகம் இல்லையா?" என்றாள். "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு அவர் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதினெட்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கதவு மூடியதும் ஏசியின் உறுமல் நின்றது. அப்படி ஓர் உறுமல் இருந்ததே நின்றபோதுதான் தெரிந்தது. தெரு போனது, படிக்கட்டு போனது. பிறகு அவருடைய மூச்சு கேட்டது, எச்சில் விழுங்குவது கேட்டது, அதற்கும் அடியில் தன் ரத்தமே ஓடுவது மெல்லிய இரைச்சலாகக் கேட்டது. போனில் வேதத்தைத் திறந்தார். முதல் நாள். ஓட்டமாக ஓடிக் கடந்துபோன இடம்.

அவர்கள் ஒளிந்ததற்குக் காரணம் அவர்கள் ஒரு சத்தத்தைக் கேட்டதுதான் என்று அங்கே எழுதியிருந்தது. சாயங்காலக் குளிர்ச்சியில் ஆண்டவர் உலாவும் சத்தம். காதுக்காரர் அதை இதுவரை பார்த்ததே இல்லை. காது சம்பந்தப்பட்ட விஷயம், அவருடைய சொந்தத் தொழில், புத்தகத்தின் மூன்றாவது அதிகாரத்திலேயே இருக்கிறது! வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், இலைகள் அசைகிற ஒரு தோட்டத்தில், ஒரு மனிதக் காது பிடிக்கிற அளவுக்குத் தன் காலடியைச் சின்னதாக்கிக்கொண்டு வருகிறார். எத்தனை டெசிபெல் இருக்கும் என்று தொழில் புத்தி ஒரு கணம் கேட்டது. அந்தக் கேள்வியே உடம்பைச் சிலிர்க்க வைத்தது. முழுச் சத்தத்தோடு வந்திருந்தால் காது மட்டுமா மிஞ்சியிருக்கும், தோட்டமே மிஞ்சியிருக்குமா? ஒளிந்துகொண்டவனைப் பயமுறுத்திவிடக் கூடாதே என்பதுபோல நடந்து வருகிறார். வந்து கேட்கிறார். கேட்டுவிட்டு நிற்கிறார்.

மூன்று பேனாவோடு ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்ற தன் முதுகு அவருக்குத் தெரிந்தது.

கதவைத் தட்டியபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. "சார், உயிரோட இருக்கீங்களா?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "இப்பதான்" என்றார். அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் மகள் பள்ளிக்கூடப் பையைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"பாப்பா, அந்த டிக் எல்லாம் பொய். முப்பத்துமூணு நாள்தான் நிஜம்."

அவள் அட்டவணையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நூத்தி எழுபத்தொண்ணு இருக்கு?"

"இருக்கு."

"அப்போ சோம்பேறின்னு என்னைத் திட்டினீங்களே? இருபது நிமிஷம்?"

"ஆமா."

"அந்தத் தலையணை கதை எல்லாம்?"

"அதுவும்தான்."

"பொய் சொல்லாம காலியா விட்டது நான். திட்டு வாங்கினதும் நான்!" கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போய்விட்டாள். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கிக் கட்டிக்கிட்டாச்சா? சரி, டீ ஆறுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. எத்தனை கட்டம் போட்டார், எத்தனை நாள் வாசித்தார், வியாழக்கிழமை எந்த இடத்தில் நின்றுபோனார் என்பது மட்டும். அக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை. பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தில் இல்லாத பக்கத்தைத் தேடினார். யாரோ இருமினார்கள். மகள் முதல் வரிசையில் இல்லை. பின்னால் தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் வரிசையில் அஞ்சு மணி அக்கா மட்டும் பலமாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்காது என்று காதுக்காரருக்குத் தெரியும். இறங்கிவந்து, பேச எழுதிவைத்திருந்த தாளை அப்படியே அக்காவிடம் கொடுத்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். பிறகு ஆறுதலாக அவர் காதோரம் சாய்ந்து, தன் கணக்கில் மிகவும் ரகசியமாகச் சொன்னார்.

"கவலைப்படாதீங்க தம்பி! நானும் முதல் நாள்லதான் இருக்கேன்! அதுக்கு முன்னாடி இருபது வருஷம் தூங்கிட்டுத்தான் இருந்தேன்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கடைசி வரிசைவரை ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கப் பிறந்தவரான காதுக்காரரே சிரிக்கவில்லை. அத்தனை பேர் இருந்த அந்த மண்டபம், அவருடைய சோதனை அறையைப்போல, அப்படியே அடங்கிப்போனது. என்ன நடந்தது என்று தெரியாத அக்கா, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, வழக்கம்போல ஒருமுறை தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் காதுக்காரர் சாப்பாட்டு மேசையில் வேதத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார். மகள் அறையிலிருந்து வந்தாள். காலை வணக்கம் கிடையாது. மேசையின் அந்தக் கோடியில் நாற்காலியை இழுத்துப்போட்டு, தன்னுடையதிலும் முதல் நாள் பகுதியைத் திறந்து, சொல் சொல்லாக விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது அதிகாரத்தில் விரல் நின்றதும், அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"தெரிஞ்சவரு எதுக்குப்பா, எங்க இருக்கேன்னு கேக்கணும்?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் வாயைத் திறந்தார். "தெரியலை பாப்பா" என்றார்.

அவள் விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். அவரும் பக்கத்தைத் திருப்பவில்லை.