உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். லிஃப்ட் ஓடும்போது எவனும் என்னைக் கூப்பிட்டதில்லை, நின்றால்தான் கூப்பிடுவான். ஆகவே நான் ஏறியதெல்லாம் படிக்கட்டு. முட்டி தேயாமல் என்ன செய்யும்?

மூட்டு மாற்ற ஒப்புக்கொண்ட டாக்டர், முதலில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார். மூன்று மாதம் வாயைக் கட்டினேன், குறைந்தது. அடுத்து நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"தினமும் உங்க உள்ளங்காலை யாரு பாக்குறாங்க?"

"வீட்டுக்காரி" என்றேன்.

அவள் போய்ச்சேர்ந்து நான்கு வருடமாகிறது. தனிக்கட்டை என்று தெரிந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்களோ என்று பயம். முட்டி மடங்காததால் பாதம் என் கண்ணுக்கு எட்டாது. தரையில் கண்ணாடியைப் போட்டு, அதற்கு மேல் காலைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன்.

ஆபரேஷனன்று காலை நர்ஸ் என் பாதத்தைத் தூக்கினாள். உடனே டாக்டரைக் கூப்பிட்டாள்.

"புண்ணு சீழ் பிடிச்சிருக்கு" என்றார் அவர். "இதோட முட்டிக்குள்ள இரும்பு வைக்க முடியாது. கிருமி ரத்தத்துல போய் அதுல ஒட்டிக்கிட்டா மருந்துக்கு அசையாது. வச்சதையே கழட்டுற மாதிரி ஆயிடும். ஆறட்டும், அப்புறம் பாப்போம்."

எனக்கு வலியே தெரிந்திருக்கவில்லை. சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

நர்ஸுக்குக் கோபம். "உங்க வீட்டம்மா நம்பரக் குடுங்க. நாலு வார்த்த கேக்கணும்."

"அவ இல்லம்மா. நாலு வருஷமாச்சு."

நர்ஸ் படிவத்தில் 'வீட்டுக்காரி' என்றிருந்ததை அடித்தாள். பிறகு, "யாரையாவது பாக்கச் சொல்லுங்க. கண்டிப்பா" என்றாள்.

யாரைச் சொல்வது? எதிர்வீட்டில் என் வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். டிவி சத்தத்துக்காக ஒருமுறை நான் கத்தியதிலிருந்து நாங்கள் எதிரும் புதிரும். யார் காலிலும் விழாதவன் நான். இப்போது போய் என் காலைத் தூக்கிக் காட்டவேண்டும். அவர் வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு மணியை அழுத்தினேன்.

"ஒரு உதவி. என் உள்ளங்காலைக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா? தினமும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர நான்கு வருடமாக என்னை ஒருவரும் தொட்டதில்லை. அழுதுவிட்டேன்.

"வலிக்குதா?" என்றார் பதறி.

"இல்ல" என்றேன். "நீங்க பாருங்க."