நடப்பவள் என்னும் தீவு

வடபுலத்துப் பனிமலைகள் இளவேனிலுக்கு உருகியோட, சுடோலோப் பேராறு கலங்கிப் பழுப்பேறிக் கரைமரங்களின் இடுப்பைத் தழுவி, வேரோடு பெயர்ந்த தேவதாருக்களைத் துரும்பெனச் சுழற்றிக்கொண்டு இரைந்துவரும் முற்பகலில், அதன் நட்ட நடுவே கிழக்கே தலையும் மேற்கே வாலுமாக ஒரு சிறுதீவு கிடந்தது. தலைப்புறத்து மண்ணை ஆண்டுதோறும் அரித்து வால்புறத்தில் ஆறு கொண்டுபோய்ச் சேர்த்தலால், அழியாமலும் ஓரிடத்து நில்லாமலும் அது மேற்கு நோக்கி மெல்ல நகர்ந்துவந்தது; ஆதலின் அவ்வாற்று மக்கள் அதற்கு 'நடப்பவள்' என்று பெயரிட்டிருந்தனர். பெயர்தான் எத்துணைப் பொருத்தம்!

அன்று அங்கே வந்திறங்கிய நில அளவர், உச்சிப்பொழுதுக்குள் அறிக்கை எழுதிப் புறப்படும் முனைப்பிலிருந்தார். அண்மையில் ஒதுங்கிய, தொன்றுதொட்டு ஆள் வாழாத மணல்மேடு என்று அவர் எழுதிவிட்டால், இருப்புப்பாதைக்குச் சரளை அள்ளுவோர் ஒரே கோடையில் தீவைத் தின்று தீர்ப்பர். அங்கேயே பிறந்து மீன் உலர்த்தி வாழும் அகத்தா என்பவள், நெஞ்சு கொதிக்க அவர் பின்னாலேயே நடந்தாள்.

"காலங்காலமா இங்கதான் மீன் சுட்டுத் தின்னோம்னு சொல்றீங்க. ஒரு முள்ளுகூடக் கண்ணுல படலையேம்மா?" என்றார் அளவர்.

"எப்படி ஐயா படும்? வருசா வருசம் முதல் சால்மன் மீன ஊரே கூடித் தின்னுட்டு, முள்ள ஒண்ணு விடாம ஆத்துக்கே திருப்பிக் குடுத்துருவோம். வந்த விருந்தாளிய வழியனுப்பாம விடுறதா?"

"சரி, அடுப்பு?"

"வால்புறத்துல புதுசா ஒதுங்குன மண்ணுல மூட்டுவோம். அடுத்த வெள்ளம் மூடிரும். தோண்டிக் காட்டட்டுமா?"

"நீங்க தோண்டினா, நீங்களே புதைச்சதுன்னுதான் எழுதுவேன்."

அச்சொல் அவளைச் சுட்டது. சுட்ட அக்கணமே ஒன்று உறைத்தது. தீவு நடந்த நெடுங்காலத்தில், இன்றைய தலை என்றோ வாலாக இருந்த மண்ணல்லவா? அடுப்புகள் அங்கே அடுக்கடுக்காய் உறங்குமே! ஆறு அதை அறுத்துக் காட்டாமல் தடுப்பது எது? ஐயகோ, தலைப்புறத்துக் கரை அரியாதிருக்க மூன்று வேனிலாய்த் தன் கையாலேயே அவள் அடுக்கிய கல்லணை! முன்னோர் ஒருவரும் செய்யாத காவலைச் செய்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று.

கடப்பாரையோடு அவள் ஓடி, அணையின் முதற்கல்லைப் புரட்டக் கண்டு, தம்பி பாசில் அலறிக்கொண்டு வந்தான்.

"அக்கா! கிறுக்குப் பிடிச்சிருச்சா? பின்னாடியே உன் புகைக்குடில் நிக்குது, போயிரும்!"

"போனா போகட்டும்டா! வாய் பாக்காம கை குடு!"

"இந்தக் கல்லச் சுமந்து என் இடுப்பு ஒடிஞ்சுதே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்று முனகியபடியே அவனும் கைகொடுத்தான்.

அணை திறந்ததுதான் தாமதம், வெள்ளம் பாய்ந்தது! கரை மடமடவெனச் சரிந்தது, குடில் சாய்ந்தது, மீன் தொங்கவிடும் கழிகள் மிதந்தோடின. அறுபட்ட கரையிலோ வெறும் மணல். அடியில் ஒன்றுமே இல்லாவிடின், தீவைத் தானே கொன்றவள் ஆவாளே! கரை மேலும் ஓர் ஆள்நீளம் சரிந்தது.

"கரி! அக்கா, கரி!" என்று கூவினான் பாசில்.

மணலினடியில் ஒரு கரும்பட்டை, அதில் தீயில் சிவந்த கற்கள், அதனடியில் மணல், மீண்டும் கரி, மீண்டும் கல். அளவர் படகிலேறிக் கரையருகே சென்று விரல்நீட்டி எண்ணினார். இருபத்தேழாம் பட்டையில் அவர் விரல் நீர்மட்டத்தைத் தொட்டது.

"தண்ணிக்குக் கீழயும் போகுதே! இத நீங்க புதைச்சிருக்க முடியாதும்மா."

படகிலிருந்தவாறே, 'தொன்றுதொட்டு மக்கள் வாழும் தீவு. சரளை அள்ளலாகாது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அகத்தா மகிழ்ச்சி தாளாமல் சேற்றிலேயே அமர்ந்து, சிரித்தாள், அழுதாள், மீண்டும் சிரித்தாள்.

"குடில் போச்சே, இந்த வருசம் மீன எங்க காயப்போடுவ?" என்றான் பாசில்.

"வால்புறத்துலடா. நம்ம மண்ணு அங்கதான் போய்ச் சேந்துக்கிட்டிருக்கு!"

இறுகப் பற்றுதலே காத்தல் என்று எண்ணுவோர் பலர். அன்று அத்தீவைக் காத்தது, அவள் துணிந்து ஆற்றுக்குக் கொடுத்த மண்ணே.