பத்து மீட்டர் கம்பம்

தம்பியின் குரல் நின்றுபோய் நாலு மாதம் ஆகியிருந்தது. பழியையெல்லாம் தூக்கிக் கம்பத்தின் தலையில் போட்டேன்.

எங்களுக்குள் போன் பேச்சு கிடையாது. அம்மாவின் கடைசி நாட்களுக்கு அவன் வரவில்லை. எல்லாம் முடிந்தபிறகு கடல் தாண்டி வந்து நின்றவனிடம், "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அவனும் ரோஷக்காரன், மிதிக்கவே இல்லை. ஆனால் இருவருமே லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே வானலையில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரே அலைவரிசைக்கு வருவோம். சிக்னல் எப்படி, மழை உண்டா, அவ்வளவுதான். ஊர் உலகமே கேட்கும் இடத்தில் சண்டை போட முடியாது. சமாதானமும் பேச முடியாது. அந்த மூன்று நிமிடத்துக்காக வாரம் முழுக்க ஏங்கிக் கிடப்பேன்.

ஆன்டெனா வெறும் கம்பிதான். அதை மொட்டை மாடியில் பத்து மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிறுத்தத்தான் கம்பம். முதலில் வைத்த மூங்கில் வெயிலில் வெடித்தது. இரும்புக் குழாயைத் தூக்க நாலு ஆள் வேண்டும். சுவரில் ஓட்டை போட்டால் வீட்டு ஓனர் என்னையே தூக்கி வெளியே வைப்பார். அலுமினியம் முதல் காற்றுக்கே வளைந்து கும்பிடு போட்டது. கடைசியில் தூண்டில் கடைக்குப் போனேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஃபைபர் கழி, விலையும் கைக்கு அடக்கம்.

"இவ்ளோ நீளமா? எந்த மீனைப் பிடிக்கப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"என் தம்பியை."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை கழியை நீட்டி, கம்பியைக் கட்டி, தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து நிறுத்தினேன். அவசரத்தில் இணைப்புகளுக்கு டேப் சுற்றவில்லை. காற்று ஒரு ஆட்டு ஆட்டியதும் ஒவ்வொரு துண்டாக உள்ளே இறங்கி, கழி என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. மணி ஏழு. தரையில் சிக்கலாகக் கிடந்த கம்பியை எடுத்துத் துணிக்கொடி மேல் நீளமாகப் போட்டேன். பழக்க தோஷத்தில் ரேடியோவைப் போட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன்.

"அக்கா, கேக்குதா? ஓவர்."

காது கிழிந்தது. வெளிநாட்டிலிருந்து இத்தனை சத்தமாக அவன் ஒருநாளும் வந்ததில்லை.

"கேக்குதுடா! எங்கேருந்து பேசுறே?"

"இங்கதான். பஸ்ல நாலு மணி நேரம். வேலையை மாத்திக்கிட்டு வந்து நாலு மாசம் ஆச்சு. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுறேன். நீ கேட்டுக்கிட்டே பேசாம இருக்கேன்னு நினைச்சேன்."

செங்குத்தாக நிற்கும் கம்பி தூரத்தைத்தான் பிடிக்கும், பக்கத்தில் இருப்பவனைக் கோட்டை விட்டுவிடும்; பக்கத்தைப் பிடிக்கத் தாழ்வாகப் படுத்துக் கிடக்கும் கம்பிதான் வேண்டும். லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்ததுதான். அவன் பக்கத்தில் இருப்பான் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

"நீ தூரத்துல இருக்கேன்னு உயரமா கட்டிக்கிட்டே இருந்தேன்டா. இன்னிக்கு விழுந்துடுச்சு. கம்பி துணிக்கொடியில கிடக்குது."



"நான் வந்து தூக்கிக் கட்டட்டுமாக்கா?"

எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ, கேட்கட்டும்.

"ஒண்ணும் கட்ட வேணாம். நீ வா, போதும்."