சொன்ன வாய்

ருக்குமணிக்கு வாய் நீளம் என்பது கம்மாபுரம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அது கடல் தாண்டிப் போயிருக்கிறது என்பதுதான் அவளுக்கே தெரியாமல் இருந்தது.

தெரிந்தது போன வாரம். மகள் அகிலா ஐந்து மாத வயிற்றோடு, கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். அவளைக் கட்டிக்கொடுத்தது ருக்குமணியின் சொந்த அண்ணன் பழனிவேல் வீட்டில்தான், அவன் மகன் குமரவேலுக்கு. இரண்டு கரு கலைந்த பிறகு தங்கியிருக்கும் கரு இது. மாமியார் பிரபாவதி செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "உங்கம்மா வாயி இன்னும் என் வூட்டத் தூத்திக்கினுதான் இருக்குது. அது அடங்கற வரைக்கும் இந்தப் பக்கம் வராத" என்று அனுப்பிவிட்டாளாம்.

பாட்டா அது? சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத மிஷின் உறுமுகிறது, கன்வேயர் பெல்ட் கிறீச்சிடுகிறது, அதன் மேல் எவனோ கிட்டாரைப் போட்டு அறுக்கிறான். நடுவில் ருக்குமணியே கத்துகிறாள்: "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எம் பங்குக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டியே, உன் வூட்ல தொட்டில் கட்டாம போவட்டும்!"

சுரங்கத்துக்கு நிலம் அளக்க வந்த அன்று அண்ணனைப் பார்த்துச் சொன்னது. சும்மா சொல்லவில்லை, கை நிறைய மண்ணை வாரித் தூற்றிச் சொன்னது. பிறகு உறவு ஒட்டி, அகிலாவை அந்த வீட்டுக்கே கொடுத்தபோது, அண்ணன் வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, "சொன்ன வாயே மீட்டுக்குது" என்று சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதோடு முடிந்தது என்று இருந்தாள். முடியவிடாமல் ஒருத்தன் அதைப் பிடித்து வைத்திருக்கிறான்.

அவன் பெயர் கலைச்செல்வன். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஒரு மாடி அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை அடித்திருந்தான். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன், அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. வேளைக்குச் சோறு கண்ட பிள்ளைக்குக் கோபம் எங்கிருந்து வரும்? அடுத்தவர் வயிற்றெரிச்சலை மைக் வைத்துப் பிடிக்க வேண்டியதுதான். மிஷின் சத்தம் பதியப் போனவனுக்கு அன்று ரோட்டோரத்தில் ருக்குமணி ஓசியில் கிடைத்தாள்.

"அந்தக் குரல் நீங்களாம்மா? உக்காருங்க, உக்காருங்க" என்று, விசாரித்துத் தேடி வந்த ருக்குமணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்கார வரல தம்பி. என் குரல அதுலேர்ந்து எடு."

"அம்மா, உங்க குரல் இருக்கற 'மேல்மண்' சாதாரண ஆல்பம் இல்லங்க. இண்டஸ்ட்ரியல் மெட்டல்னு மிஷின் சத்தத்த வச்சு நம்ம பக்கம் பசங்க வாசிக்க ஆரம்பிச்சதே அதக் கேட்டுத்தான். பெங்களூருல, ஜெர்மனில எல்லாம் உங்க குரல மட்டும் வெட்டி எடுத்து அவங்கவங்க பாட்டுல வச்சிருக்காங்க."

"எத்தினி பேரு வச்சிக்கினு இருக்கானுங்க?"

"கணக்கே இல்லங்க" என்றான் பெருமையாக.

எவனோ எங்கோ பட்டனைத் தட்டும்போதெல்லாம் ருக்குமணியின் வாய் மகள் வாழப்போன வீட்டைத் தூற்றிக்கொண்டிருக்கிறது. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வாய்க்கே அவள் பயந்தாள்.

"எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடு."

"யானை வாயில போன கரும்புங்க அது. என்னோடத நான் எடுத்தாலும் அவங்ககிட்ட இருக்கறத யார் எடுக்கறது? அதோட, மண்ண இழந்த எல்லாரோட கோபம்மா அது."

"எவன்டா சொன்னான் எல்லாரோடதுன்னு? எங்கண்ணனுக்கு நான் சொன்னது. என் வூட்டுச் சண்ட. உன்ன யாரு நடுவுல கூப்ட்டா?"

கலைச்செல்வன் அவளுக்குப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷமாகப் பேட்டிக்குப் பேட்டி, மிஷினைச் சபித்த தாய் என்று அளந்துகொண்டிருந்தவன் அவன்.

"மைக்கப் போடு. சொன்ன வாயே மீட்டுக்கணும். இதயும் அதேமாரி ஊரு ஊரா அனுப்பு" என்றாள்.

அவன் ஓடி ஓடி வயரை மாட்டினான். ருக்குமணி கண்ணை மூடிக் கைகூப்பி, கோயிலில் சொல்வதுபோல் சொன்னாள். "அண்ணே, உன் வூட்ல தொட்டில் ஆடட்டும். சொன்ன வாயே மீட்டுக்குது."

கலைச்செல்வன் ஹெட்போனைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒண்ணும் இல்லம்மா. இத யாரும் எடுத்துப் போட மாட்டாங்க. அன்னிக்கு இருந்த அந்த இது வேணும்."

சாபம் என்றால் சீமை வரை போகும். வாழ்த்து என்றால் இந்த மாடிப்படி கூட இறங்காது. ருக்குமணிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அண்ணன் மேல் அன்றைக்கு இருந்த வெறுப்பெல்லாம் இவன் மேல் வந்த வெறுப்புக்கு உறை போடக் காணாது. மைக்கை ஒரு கையால் பிடித்து இழுத்தாள்.

"ஆடட்டும்டா தொட்டில்! எம் மவ வயித்துப் புள்ள அந்த வூடு முழுக்கத் தவழட்டும்! அவங்க வம்சம் ஆல மரமாத் தழைக்கட்டும்டா! சொன்ன வாயே மீட்டுக்குது, படுபாவிப் பயலே!"

கலைச்செல்வன் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தான்.

"அம்மா, இது அதைவிட மேல! அடுத்த ஆல்பமே இதுதான். எடுத்துப் போட அடிச்சிக்குவானுங்க. தமிழ் தெரியாதவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே!"

"தமிழ் தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. மொதல்ல என் போன்ல ஏத்து."

அன்று பொழுது சாய்வதற்குள் அகிலாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வாசலுக்குப் போய்விட்டாள். பிரபாவதி வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ருக்குமணி செல்போனை நீட்டி, பதிந்ததைப் போட்டுக் காட்டினாள். பிரபாவதி கடைசி வரை கேட்டாள்.

"வாழ்த்துதான். அதுல எதுக்கு இவ்ளோ வெறுப்பு?"

"வெறுப்பாச் சொன்னாத்தான் ஊரு கேக்குதாம், அண்ணி."

பிரபாவதி அந்தச் செல்போனை வாங்கிக்கொண்டாள். அகிலாவின் பையையும் வாங்கிக்கொண்டாள்.

"அவ வரட்டும். நீ வாசலோட நில்லு. உன் வாய நம்பி உள்ள வுட முடியாது."

கதவு சாத்தப்பட்டது. மகள் வீடு சேர்ந்தாள் என்று ருக்குமணிக்கு வயிறு குளிர்ந்தது, நெஞ்சுதான் ஆறவில்லை. செல்போனைக் கேட்டு வாங்கலாம் என்று படியில் கால் வைத்தாள். உள்ளே பிரபாவதி அதை மறுபடியும் போட்டுவிட்டிருந்தாள். அகிலாவை உட்காரவைத்து வயிற்றுக்கு அருகில் வைத்துப் பிள்ளையைக் கேட்கவைக்கிறாள் போல. ருக்குமணி காலை எடுத்துக்கொண்டு, தன் குரல் முடிகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.