வழுக்கையில் உதித்த சூரியன்

1.

இது கதையாகப் பிறக்கவில்லை. ‘பெயர்களை மறக்காமலிருப்பது எப்படி’ என்ற என் நூலின் மூன்றாம் அத்தியாயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். பதிப்பகத்து அம்மா போனில் சலித்துக்கொண்டார்: “வெறும் உபதேசமா இருக்கு சார். உதாரணத்துக்கு ஒரு ஆளக் காட்டுங்க.” காட்டுவதற்கு என்னிடம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். எதிர்வீட்டுக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

2.

முதல் தொடக்கம்: ‘மனித மூளை ஒரு மாபெரும்—’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: ‘அவர் தனியாக இருந்தார். நானும்—’

இதுவும் வேண்டாம். [அழுமூஞ்சித்தனம். ஆனால் உண்மை.]

மூன்றாவது, நேரே செய்முறை: முகத்தில் எடுப்பான ஒன்றைப் பிடியுங்கள். பெயரின் பொருளைப் படமாக்கி அதன்மேல் ஒட்டுங்கள். குடிவந்த அன்று அவர் தன் பெயரைச் சொன்னார். சூரியன் என்று பொருள்படும் பெயர். தலையோ பளபளவென்று வழுக்கை. அதில் சூரியனை உதிக்க வைத்தேன். அதன்பின் மாடிப்படியில் எப்போது எதிர்ப்பட்டாலும் எனக்குச் சூரியோதயம்தான்.

3.

இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா என்று சந்தேகம். பல வருடம் எதிரெதிரே குடியிருந்த இருவர் பேசிக்கொண்டது இவ்வளவுதானா?

“என்னங்க, கடைக்கா?”

“ஆமாங்க. எழுத்து ஓடுதுங்களா?”

“ஏதோ ஓடுதுங்க.”

இவ்வளவேதான். [அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: தமிழில் ‘ங்க’ என்று ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஒருவரோடு ஆயுள் முழுக்கப் பெயர் சொல்லாமல் காலம் தள்ளிவிடலாம். நூலில் இதைச் சேர்க்க முடியாது. அப்புறம் நூலை யார் வாங்குவார்கள்?]

அவர் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டால் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவேன். எனக்குப் போக ஓரிடமும் இருக்காது. அந்த மூன்று வரிகளுக்காக வருவேன்.

4.

ஞாயிற்றுக்கிழமை காலை [கிழமையைப் பாருங்கள், நான் வைத்ததல்ல] அவர் படியில் உருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸில் அவரோடு ஏற வேறு ஆள் இல்லாததால் நான் ஏறினேன். தலையில் கட்டு. கண் சொருகிக்கொண்டே போயிற்று.

“தூங்க விடாதீங்க சார், பேரச் சொல்லிக் கூப்பிடுங்க,” என்றார் நர்ஸ்.

படம் உடனே வந்தது. வழுக்கை, சூரியன், எல்லாம் துல்லியமாக. பெயர் வரவில்லை. நம் மொழியில் சூரியனுக்குத்தான் எத்தனை பெயர்! அத்தனையையும் பிள்ளைகளுக்கு வைத்துத் தொலைத்திருக்கிறார்கள்.

“ரவி!” என்றேன். அசைவில்லை. “கதிரவன்! பாஸ்கரன்! தினகரன்! ஆதவன்!”

“என்ன சார், அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?” என்றார் நர்ஸ்.

எனக்கு அழுகை முட்டியது. அவர் போய்விட்டால் என் வாசலில் ‘என்னங்க’ என்று சொல்ல எவரும் இல்லை. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

5.

முடிவு ஒன்று: ‘பரிதி’ என்றதும் கண் திறந்தார். பதிப்பகத்து அம்மாவுக்குப் பிடிக்கும். பொய்.

முடிவு இரண்டு: அவர் கடைசிவரை கண்ணே திற—

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்தது இது. அவருடைய உதடு அசைந்தது. ஒரு பெயரைச் சொன்னார். என் பெயர். குடிவந்த அன்று நான் ஒரே ஒரு தடவை சொன்னது, ஓரெழுத்து பிசகவில்லை. என்னைப் பெற்ற அம்மா போனபிறகு அதை யார் வாயாலும் நான் கேட்டதில்லை. மறுபடி சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார், தூங்கவில்லை.

நர்ஸ் குனிந்து கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

“யாரையோ தேடுறாரு சார். யாரு அது, அவரோட மகனா?”

வாசகரே, இங்கே ஒரு பதில் வர வேண்டும். நீங்களே சொல்லிவிடுங்கள்.